ஊருக்குக் காட்டும் முன் வீட்டில் ஓட்டிப் பாருங்கள்!

கல்கத்தா, கரியாஹாட்டிலிருந்து நமது நிருபர்

கரியாஹாட் மோட்டில் புடவை வாங்குகிற வங்காளப் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் எத்தனை அழகாகத் தெரிந்தாலும் சரி, புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து, வெயிலில் ஒரு மடிப்பைப் பிரித்துப் பார்க்காமல் பணப்பையைத் திறக்க மாட்டார்கள். கடைக்காரரும் கோபித்துக்கொள்வதில்லை. விளக்கில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம் என்பது அவருக்கும் தெரியும்.

'வெப்சைட்' எனப்படும் இணையதளம் வைக்கிறவர்களும் இதைத்தான் செய்ய வேண்டும். பலர் செய்வதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்தோம், அழகாக இருந்தது, வெளியிட்டுவிட்டோம் என்கிறார்கள். ஒரு மாதம் கழித்து, "ஏன் ஒருத்தரும் போன் செய்யவில்லை?" என்று கேட்கிறார்கள்.

ஒரு காலத்தில் வெப்சைட் என்றால் பெரிய கம்பெனிகளின் சமாசாரம். இன்று தையல் கடைக்காரர், டியூஷன் வாத்தியார், வீட்டில் முறுக்கு சுற்றி விற்கும் மாமி எல்லோரும் வைக்கிறார்கள். கோல்பார்க்கிலிருந்து லேக் மார்க்கெட் வரை நடந்தால், கடைப் பலகையில் இணைய முகவரி எழுதிய தமிழர் கடையும் கண்ணில் படும். இதற்கெல்லாம் காரணம் 'வெப்சைட் பில்டர்' என்கிற சாதனம்.

ரெடிமேட் சட்டை

வெப்சைட் பில்டர் என்பது ரெடிமேட் சட்டை மாதிரி. துணி, தையல், பட்டன் எல்லாம் தயார். நமது பெயர், விலாசம், படம், விலைப்பட்டியல் ஆகியவற்றை அந்தந்த இடத்தில் வைத்தால் போதும். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. சில பில்டர்கள் இணையத்திலேயே இருக்கும். சிலவற்றை நமது கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு வேலை செய்யலாம். இரண்டிலும் கடைசியில் ஒரு பொத்தான் உண்டு. அதன் பெயர் 'பப்ளிஷ்'. அழுத்தினால் பக்கம் உலகத்துக்குப் போய்விடும்.

அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. செலவு ஒன்றும் கிடையாது. ஒரு மாலைப்பொழுது போதும். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்மவர் ஒருவரின் அனுபவத்தைச் சொல்கிறேன்.

அண்ணாச்சியின் மாவுக் கடை

கரியாஹாட் மார்க்கெட் பக்கத்துச் சந்து ஒன்றில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இட்லி மாவு, அப்பளம், வடகம், காபித் தூள் வியாபாரம். இங்கே நவராத்திரியும் துர்கா பூஜையும் ஒன்றாக வருகின்றன. அந்தப் பத்து நாள் வியாபாரத்தை நம்பித்தான் அவர் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தைக் கணக்குப் போடுவார்.

போன வருடம், பூஜைக்கு முன்பே வெப்சைட் வைத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவருடைய அக்காள் மகன் பாலிடெக்னிக் படித்துவிட்டு இங்கே வேலை பார்க்கிறான். இரவு நேரத்தில் உட்கார்ந்து ஒரு பில்டரில் பதினைந்து நாளில் பக்கத்தைத் தயார் செய்துவிட்டான். மாவுப் பாத்திரம், அப்பளக் கட்டு, விலைப்பட்டியல், போன் நம்பர், பணம் அனுப்ப கியூஆர் கட்டம் எல்லாம் கண்ணைப் பறித்தன.

"மாமா, எல்லாம் முடிஞ்சுது. பட்டனை அமுக்கட்டுமா?"

"இருடே. நம்ம பெட்டியிலதான் பாத்தோம். அடுத்தவன் பெட்டியில எப்படித் தெரியுதோ, யாரு கண்டா?"

அண்ணாச்சி ஐந்தாவது வரை படித்தவர். ஆனால் மாவை வாடிக்கைக்குக் கொடுப்பதற்கு முன்னால் தினமும் ஒரு இட்லி ஊற்றிப் பார்க்கிறவர். அந்தப் பழக்கம்தான் அன்று அவரைக் காப்பாற்றியது.

பையன் முழு போல்டரையும் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டான். மாடி வீட்டில் ஓய்வுபெற்ற வங்காளி வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவர் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தார்கள். திறந்ததும் பையன் முகம் வெளுத்துவிட்டது.

படங்கள் ஒன்றும் வரவில்லை. படம் இருக்க வேண்டிய இடங்களில் காலிக் கட்டங்கள். தமிழ் விலைப்பட்டியல் முழுதும் ஆங்கில எழுத்துகளைக் கொட்டிக் கலைத்த மாதிரி இருந்தது. அதோடு போகவில்லை. வாத்தியார் தமது செல்போனால் கியூஆர் கட்டத்தைப் படம் பிடித்து, சோதனைக்காக ஒரே ஒரு ரூபாய் அனுப்பப் பார்த்தார். திரையில் பணம் பெறுபவர் பெயராக வேறு யாரோ ஒருவர் பெயர் வந்தது!

கியூஆர் கதை முதலில். பக்கத்தை வடிவமைக்கும்போது, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பையன் தன் சிநேகிதனுடைய கட்டத்தை வைத்திருந்தான். மாற்ற மறந்துவிட்டான். அப்படியே வெளியிட்டிருந்தால் நவராத்திரிப் பணம் முழுதும் சிநேகிதன் கணக்குக்குப் போயிருக்கும். அவன் நல்லவன், திருப்பிக் கொடுத்திருப்பான். ஆனால் யார் எவ்வளவு அனுப்பினார்கள், யாருக்கு மாவு போக வேண்டும் என்கிற கணக்கை எங்கே போய்த் தேடுவது?

யுபிஐ முறையில் ரகசிய எண்ணை அழுத்துவதற்கு முன்பே பணம் பெறுபவர் பெயர் திரையில் வந்துவிடும். ஆகவே ஒரு ரூபாய் சோதனையை யாரும் செய்யலாம். போன் நம்பருக்கும் இதே வைத்தியம்தான். கண்ணால் படித்துப் பார்த்தால் போதாது. நாமே எழுதிய நம்பரை நம் கண் சரியென்றே படிக்கும். பக்கத்தில் உள்ள நம்பரைத் தொட்டு, அழைத்துப் பாருங்கள். உங்கள் சட்டைப்பையில் மணி அடிக்க வேண்டும்.

படங்கள் எங்கே போயின?

படங்கள் காணாமல் போனதற்குக் காரணம் எளியது. பையன் கம்ப்யூட்டரில் படங்கள் சி டிரைவில் ஒரு போல்டரில் கிடந்தன. 'சி டிரைவில் இன்ன இடத்தில் இருக்கிற படத்தைக் காட்டு' என்று பக்கத்தில் பதிந்துவிட்டது. அவன் கம்ப்யூட்டரில் அந்த விலாசம் உண்டு, உடனே வந்துவிடும். வாத்தியார் வீட்டு சி டிரைவில் அது ஏது? படங்களை வெப்சைட் போல்டருக்கு உள்ளேயே வைத்து, அந்த இடத்தைச் சொல்லிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

கம்ப்யூட்டரில் பக்கத்தைச் செய்தவனுக்குக் குற்றம் தெரியாததற்கு இதுதான் காரணம். அவனுடைய கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கிறது. படம் இருக்கிறது, எழுத்து இருக்கிறது, ஏற்கெனவே பார்த்த பக்கத்தின் நகலும் இருக்கிறது. அது அவனிடம் குறை சொல்லாது.

ஜே, கே, பி, ஓ

தமிழ் எழுத்து சிதறிய விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது தமிழர்கள் நெடுநாள் பட்ட பாடு.

'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் வாத்தியார் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு எழுத்து, அதன் பின்னால் ஓர் அரைப்புள்ளி. விவரம் தெரிந்தவர்கள் இதைப் பார்த்ததும், "ஓ, பாமினி!" என்று சொல்லிவிடுவார்கள்.

விலைப்பட்டியல், ஊரில் அச்சகம் ஒன்றில் அடித்த நோட்டீசின் பைலிலிருந்து எடுத்தது. அது பாமினி என்ற எழுத்துருவில் இருந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் உருவங்களை உட்கார வைத்தவை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துதான். மேலே போட்ட வேஷம் மட்டும் தமிழ். எழுத்துரு இருக்கிற பெட்டியில் தமிழ் தெரியும். இல்லாத பெட்டியில் வேஷம் கலைந்துவிடும். பையன் கம்ப்யூட்டரில் பாமினி இருந்தது. வங்காளி வாத்தியார் வீட்டில் பாமினிக்கு என்ன வேலை?

தமிழ் இணையத்தில் ஏறிய ஆரம்பக் காலத்திலிருந்தே இந்தத் தொல்லை உண்டு. 1995 அக்டோபர் 27ஆம் தேதி சிங்கப்பூரில், அந்த நாட்டின் நான்கு ஆட்சிமொழிக் கவிதைகளையும் கொண்ட இணையதளத்தை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழுக்காகப் பாடுபட்டவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. இணையத்தில் தமிழ் தெரிந்த முதல் பக்கங்களில் ஒன்று அது. 1999 மே மாதம் அவர் காலமாகிவிட்டார். தமிழர் மறக்கக் கூடாத பெயர்.

அதன் பிறகு தமிழ்ப் பக்கங்கள் பெருகின. ஆனால் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு. பக்கத்தைத் திறந்ததும், 'முதலில் எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று அறிவிப்பு. செய்தவர் கம்ப்யூட்டரில் செந்தமிழ், படிக்கிறவர் கம்ப்யூட்டரில் கந்தரகோளம்! 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் தாம், தாப் என்ற எழுத்து முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் முடிவாயின. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தாலும், அது எல்லோர் கைக்கும் வந்து சேர வெகு காலம் ஆயிற்று. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான்.

இன்று செல்போனில் தமிழ் அடித்தால் அது யூனிகோடு. எந்தப் பெட்டியிலும் தெரியும். பழைய அச்சக பைலிலிருந்து எடுத்து ஒட்டுகிறபோதுதான் வினை. பையன் விலைப்பட்டியலை யூனிகோடுக்கு மாற்றி வைத்தான். மாற்றித் தரும் சாதனங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆற்றுக்கு அடியில் பதினோரு மாதம்

நான் ரயில்வேயில் வேலை பார்க்கிறவன். எங்கள் துறையில் புதுப் பாதை போட்டால் மறுநாளே ஜனங்களை ஏற்றிவிட முடியாது. ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டி மெட்ரோ விட்டார்களே, அதில் முதல் சோதனை வண்டி ஆற்றைக் கடந்தது 2023 ஏப்ரல் 12ஆம் தேதி. பொதுமக்கள் டிக்கெட் வாங்கி ஏறியது 2024 மார்ச் 15ஆம் தேதி. நடுவில் பதினோரு மாதம்! ஆற்றுக்கு அடியில் இருக்கிற பாதை சுமார் 520 மீட்டர்தான்.

பயணிகளை ஏற்றலாம் என்று அனுமதி கொடுக்கிற ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்துக்குக் கீழே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அவர் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தைச் சேர்ந்தவர்! 1941இல் வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தப் பரிசோதனை அதிகாரத்தை ரயில்வேயிலிருந்து பிரித்துவிட்டார்கள். பாதை போட்டவனே 'பாதை சரி' என்று கையெழுத்துப் போடக் கூடாது என்பது ஏற்பாடு. அண்ணாச்சி மாடி வீட்டு வாத்தியாரைத் தேடிப் போனதும் இதே நியாயத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரியவர்களும் இந்த விஷயத்தில் சறுக்கியிருக்கிறார்கள். அமெரிக்க அரசாங்கம் மருத்துவ இன்ஷூரன்சுக்காக 2013 அக்டோபர் 1ஆம் தேதி ஒரு வெப்சைட் திறந்தது. முதல் நாள் முழுதும் அதில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் ஆறே பேர். லட்சக்கணக்கானவர்கள் முட்டி மோதித் திரும்பினார்கள். ஆரம்பம் முதல் கடைசி வரை முழுதாக ஓட்டிப் பார்த்தது திறப்பதற்கு முந்தைய இரண்டு வாரத்தில்தான் என்று ஒப்பந்தக் கம்பெனிகள் அந்த நாட்டு நாடாளுமன்றக் குழு முன்பு சொல்லின.

அவ்வளவு தூரம் போவானேன்? நமது வருமான வரிப் புது இணையதளம் 2021 ஜூன் 7ஆம் தேதி தொடங்கியது. கணக்குத் தாக்கல் செய்யப் போன சம்பளக்காரர்கள் பட்ட அவஸ்தை இன்னும் நினைவிருக்கும். ஆகஸ்ட் மாதத்தில் நிதியமைச்சகம், தளத்தைச் செய்து கொடுத்த இன்போசிஸ் கம்பெனியின் தலைமை அதிகாரியையே கூப்பிட்டு விளக்கம் கேட்டது. கடைசித் தேதி டிசம்பர் 31 வரை தள்ளிப்போயிற்று.

வீட்டில் எப்படி ஓட்டுவது?

கம்ப்யூட்டரில் உள்ள பில்டரில் செய்த பக்கத்தை இரண்டு விதமாகத் திறக்கலாம். பைலின் மீது இரண்டு தட்டுத் தட்டினால் பிரௌசரில் நேரே திறக்கும். எழுத்தும் படமும் மட்டும் உள்ள பக்கத்துக்கு இது போதும். ஆர்டர் படிவம், தேடும் வசதி போன்றவை இருந்தால் போதாது. அவற்றுக்கு ஒரு 'சர்வர்' வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரையே தற்காலிகமாகச் சர்வராக மாற்றும் இலவசத் தொகுப்புகள் உண்டு. சில பில்டர்களில் கூடவே வருகிறது. அதை ஓடவிட்டு, பிரௌசரில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றோ 127.0.0.1 என்றோ அடித்தால் பக்கம் வரும்.

127.0.0.1 என்பது எந்த ஊர் விலாசமும் அல்ல. எந்தக் கம்ப்யூட்டரில் அடித்தாலும் 'நானே' என்று அர்த்தம். மெயின் லைனுக்குப் போகாமல் ஷெட்டுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கிற என்ஜின் மாதிரி. வெளியே ஒருவருக்கும் தெரியாது.

அதோடு விடாதீர்கள். வாடிக்கைக்காரர்கள் பெரும்பாலும் செல்போனில்தான் பார்ப்பார்கள். செல்போனையும் கம்ப்யூட்டரையும் வீட்டில் ஒரே வைபையில் சேர்த்து, கம்ப்யூட்டரின் வீட்டு எண்ணைச் செல்போனில் அடித்தால், வெளியிடாத பக்கம் செல்போனிலும் வரும். அந்த எண் பெரும்பாலும் 192.168 என்று ஆரம்பிக்கும். விண்டோஸ் அனுமதி கேட்டால் கொடுக்க வேண்டும். அண்ணாச்சி பக்கத்தை இப்படிப் பார்த்தபோதுதான், விலைப்பட்டியலில் விலை இருக்கிற வரிசையே திரைக்கு வெளியே போய்விட்டது தெரிந்தது. பொருள் மட்டும் தெரிந்தது, விலை தெரியவில்லை!

இணையத்திலேயே இருக்கிற பில்டர் என்றால் 'பிரிவியூ' பொத்தான் உண்டு. ஆனால் அது உங்களை உரிமையாளராக அடையாளம் கண்டுகொண்டு காட்டும். வெளியிட்டதும், பிரௌசரில் 'இன்காக்னிட்டோ' ஜன்னலைத் திறந்து அந்நியனைப் போல ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள்.

வேகம் வீட்டுச் சோதனையில் தெரியாது. செல்போன் கேமராவில் எடுத்த படம் 5 மெகாபைட் இருக்கலாம். உங்கள் கம்ப்யூட்டரில் கண் இமைக்கும் நேரத்தில் வரும். நொடிக்கு 1 மெகாபிட் மட்டுமே கிடைக்கிற இடத்தில் அதே படத்துக்கு 40 நொடி ஆகும். இட்லி மாவு வாங்க வந்தவர் 40 நொடி காத்திருப்பாரா? படத்தைச் சுருக்கிப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

பொத்தானை அழுத்திய பிறகு

எல்லாம் திருத்தி, நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்னால் பொத்தானை அழுத்தினார்கள். பக்கம் ஏறியது. அப்படியும் ஒரே ஒரு படம் வரவில்லை. அப்பளக் கட்டு!

காரணம் வேடிக்கையானது. பைலின் பெயரில் முதல் எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்து. பக்கத்தில் எழுதியிருந்தது சின்ன எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். வெப்சைட்டுகள் குடியிருக்கிற சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸ். அதற்குப் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. வாத்தியார் வீட்டிலும் விண்டோஸ்தான், ஆகையால் அங்கேயும் அகப்படவில்லை. எல்லாப் பைல்களுக்கும் சின்ன எழுத்திலேயே, இடைவெளி விடாமல் பெயர் வைப்பது நல்லது.

ஆர்டர் படிவத்தையும் ஏற்றிய பிறகு ஒரு தடவை நிரப்பி அனுப்பிப் பார்த்தார்கள். வீட்டுச் சர்வரிலிருந்து ஈமெயில் வழக்கமாக வெளியே போகாது. ஆகவே அந்த ஒரு சோதனையை வெளியிட்ட பிறகுதான் செய்ய முடியும். ஈமெயில் வந்தது, ஆனால் 'ஸ்பேம்' பெட்டிக்குள். தினமும் அந்தப் பெட்டியையும் பார்க்கும்படி மருமகன் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

முதல் ஆர்டர் பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கமிருந்து வந்தது. இரண்டு கிலோ மாவு, அரைக் கிலோ காபித் தூள். பணம் அண்ணாச்சி கணக்குக்கே வந்தது.

இப்போது வங்காளியிலும் ஒரு பக்கம் வேண்டும் என்று அண்ணாச்சிக்கு ஆசை. மருமகன் மெஷின் மொழிபெயர்ப்பில் போட்டு, லோக்கல்ஹோஸ்டில் வைத்து, வாத்தியாரின் பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினான். கூட்டெழுத்துகள் எல்லாம் சரியாக விழுந்திருக்கின்றன என்று சொன்ன பெண், ஒரு இடத்தில் விரலை வைத்துச் சிரித்தாளாம். 'ஆர்டர் கொருன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்டர் கொரோ' என்று இருந்தது. வாடிக்கைக்காரர்களை 'ஆப்னி' என்று மரியாதையாகக் கூப்பிடாமல், பக்கம் முழுதும் 'துமி' என்று கூப்பிட்டிருக்கிறது மெஷின்.

அந்தப் பக்கம் இன்னும் வெளியாகவில்லை. பேத்திக்குப் பரீட்சை முடிந்ததும் வரிவரியாக உட்கார்ந்து பார்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.